பட்டறைக் கேள்விகள்: கெட்டுப்போன ஜாபை எங்கே வைப்பது?

சேலம் கொண்டலாம்பட்டியில் லேத் பட்டறை நடத்தும் டர்னர் ஒருவர் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் பகுதி.

பரீட்சை முடிந்ததும் எனக்கு வரும் கடிதங்கள் எல்லாம் ஒரே விஷயமாகிவிடும். பையனைப் பட்டறைக்கு அனுப்பலாமா, பட்டறைக்குப் போன பையன் ஏன் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறான், இப்படி. இந்த முறை அதற்கே முழு இடத்தையும் விட்டுவிட்டேன். கம்ப்ரஸர் பெல்ட் பற்றியும் போர் மோட்டார் பற்றியும் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் மகனுக்கு 16 வயது. பதினொன்றாம் வகுப்புப் பரீட்சை எழுதி முடித்திருக்கிறான். லீவில் ஒரு மாதம் தெருக்கோடியில் இருக்கும் லேத் பட்டறைக்குப் போய்ப் பழகுகிறேன் என்கிறான். என் வீட்டுக்காரர் தறி நெய்கிறார். 'நான்தான் தறிக்குழியில் உட்கார்ந்துவிட்டேன், நீயாவது படி' என்று அவனைத் திட்டுகிறார். சொந்தக்காரர்களோ, 'படிக்கிற பிள்ளையை எண்ணெயும் கரியுமா ஆக்கப் போறியா' என்கிறார்கள். எனக்குக் கையில் கிய்யில் அடிபட்டுவிடுமோ என்றுதான் பயம். அனுப்பலாமா?
ஒரு தாய், அம்மாப்பேட்டை

பதில்: அனுப்புங்கள் அம்மா. ஆனால் அதற்கு முன்னால் நீங்களே ஒரு தடவை போய் அந்தப் பட்டறை வாசலில் பத்து நிமிஷம் நில்லுங்கள். ஓனரிடம் எதுவும் கேட்க வேண்டாம். சும்மா பாருங்கள்.

லேத் என்றால் இரும்பைச் சுற்றவிட்டுக் கடைகிற மெஷின். அதில் உருண்டையாகச் சுற்றும் தலை ஒன்று இருக்கும். அதற்குச் சக் என்று பேர். இரும்பைப் பிடித்துக்கொள்ளும் தாடைகள் அதில்தான் இருக்கும். தாடைகளை இறுக்க ஒரு சாவி உண்டு, சின்னச் சிலுவை மாதிரி. அதைச் சக்கிலேயே செருகி வைத்துவிட்டு யாராவது டீ குடிக்கப் போயிருந்தால், நீங்களும் அப்படியே வீட்டுக்குத் திரும்பிவிடுங்கள். மறந்துபோய் மோட்டாரைப் போட்டால் அந்தச் சாவி பறக்கும். ஒழுங்கான டர்னர் சாவியிலிருந்து கையை எடுக்கவே மாட்டார். கையை எடுத்தால் சாவியும் கூடவே வந்துவிடும். அது பழக்கம். பல் தேய்ப்பது மாதிரி.

அடுத்து, சாணைக் கல்லில் டூல் பிடிப்பவர் கண்ணாடி போட்டிருக்கிறாரா என்று பாருங்கள். லேத்தில் நிற்பவர் முழுக்கைச் சட்டையை மணிக்கட்டு வரை விட்டிருக்கிறாரா, கையுறை போட்டிருக்கிறாரா என்றும் பாருங்கள். கையுறை போட்டால் நல்லதுதானே என்று தோன்றும். லேத்தில் அது நேர்மாறு. சுற்றுகிற இரும்பு துணியின் நுனியைப் பிடித்தால் கையோடு சேர்த்துத்தான் இழுக்கும். மோதிரம், செயின், கையில் கட்டிய கயிறு எல்லாம் இதே கணக்குதான். கோட்டை மாரியம்மன் கோயிலில் கட்டிய கயிறாகவே இருந்தாலும் பட்டறைக்குள் நுழையும்போது கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

சட்டத்தையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 14 வயது நிரம்பாத பிள்ளையை யாரும் வேலைக்கு வைக்கக் கூடாது. 14 முதல் 18 வரை உள்ளவர்களை ஆபத்தானவை என்று பட்டியலிட்ட வேலைகளில் வைக்கக் கூடாது. 2016இல் திருத்திய சட்டம் இது. ஓடிக்கொண்டிருக்கிற மோட்டாரையும், அது இழுக்கிற பெல்ட், கியரையும் இளையவர்கள் துடைக்கவோ எண்ணெய் விடவோ கூடாது என்று 1948ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்திலேயே எழுதி வைத்தார்கள். அதனால் உங்கள் மகன் போகிற இடத்தில் உலை, ஆசிட் தொட்டி, பெயின்ட் அடிக்கிற மூடின அறை இருந்தால் அந்தப் பக்கமே வேண்டாம். 'மெஷின் ஓடும்போது கை வைக்க மாட்டான், மேஜை வேலையும் அளக்கிற வேலையும்தான் பார்ப்பான்' என்று ஓனரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். 'அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுக்கா' என்று சிரிக்கிறவர் வேண்டாம். 'சரிம்மா' என்று ஒத்துக்கொள்கிறவரிடம் விடுங்கள். பஸ் காசும் மத்தியானச் சாப்பாடும் கொடுத்தால் பையன் வாங்கிக்கொள்ளட்டும். ஆனால் காலையிலிருந்து ராத்திரி வரை உற்பத்திக்கு நிறுத்தினால் அது பழகுவது இல்லை, கூலி வேலை. அழைத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

உங்கள் வீட்டுக்காரருக்கு ஒரு கணக்கு சொல்கிறேன். 25 மில்லிமீட்டர் விட்டமுள்ள சாதாரண இரும்புக் கம்பியைக் கடைய வேண்டும். ஹெச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீட் ஸ்டீல்) டூல் என்றால் நிமிஷத்துக்கு 25 மீட்டர் வேகத்தில் வெட்டலாம். அப்படியானால் லேத் நிமிஷத்துக்கு எத்தனை சுற்று சுற்றணும்? கம்பியின் சுற்றளவு 3.14 தடவை 25, அதாவது 78.5 மில்லிமீட்டர். 25 மீட்டரை மில்லிமீட்டராக்கி, 25,000ஐ இதால் வகுத்தால் 318 சுற்று. லேத் கியரில் சரியாக 318 இருக்காது. அதற்குக் கீழே பக்கத்தில் எது இருக்கிறதோ அதைப் போட வேண்டியதுதான். பள்ளிக்கூடத்தில் வட்டத்தின் சுற்றளவை மனப்பாடம் செய்த பையன், அது எதற்கு என்று முதன்முதலாகப் பார்க்கிற இடம் பட்டறைதான். படிப்பு கெட்டுப்போகாது என்று சொல்லுங்கள். தறியில் நாடா ஒரு தடவை தப்பினால் துணியில் என்ன தெரியும் என்று அவருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. மகன் பழகப் போவதும் அதே மாதிரி ஒரு வேலைதான். சொந்தக்காரர்களுக்குப் பதில் வேண்டாம். அவர்கள் வீட்டு மிக்ஸி ஷாஃப்ட் தேயும்போது தானாக வருவார்கள்.

கேள்வி: ஒரு பட்டறைக்குப் பத்து நாளாகப் போகிறேன். கூட்டுவது, டீ வாங்கி வருவது, ஒரு இரும்புத் துண்டை அரத்தால் ராவுவது, இவ்வளவுதான். அந்தத் துண்டையும் ஆறு நாளாக ராவுகிறேன். லேத்தைத் தொடவே விடவில்லை. நேரம் வீணாகிறதா?
பிளஸ் டூ போகும் மாணவன், ஓமலூர்

பதில்: டீ வாங்குவது வீண்தான் தம்பி. அதில் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை. டீக்கடைக்காரர் நல்லவராக இருந்தால் ஒரு தட்டுவடை செட் மிச்சம்.

கூட்டுவது அப்படி இல்லை. நாளைக்கு விளக்குமாற்றை எடுக்கும்போது லேத்துக்கு அடியில் கிடப்பதைக் குனிந்து பார். சுருள் சுருளாக நீளமாக வந்திருந்தால் மைல்டு ஸ்டீல். பொடிப்பொடியாகக் கருப்பு மணல் மாதிரி இருந்தால் வார்ப்பிரும்பு. மஞ்சளாகச் சின்னச் சின்னச் சில்லாகச் சிதறியிருந்தால் பித்தளை. இரும்புச் சுருள் நீலம் பாய்ந்திருந்தால் சூடு ஏற ஏற வெட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். காலையில் நல்ல சுருளாக வந்துகொண்டிருந்தது மத்தியானம் கரடுமுரடாகக் கிழிந்து வந்தால் டூல் முனை மழுங்கிவிட்டது. மேஸ்திரிக்கு முன்னால் கூட்டுகிறவனுக்குத் தெரிய வேண்டிய விஷயம் இது. 'அண்ணே, சுருள் மாறிடுச்சு' என்று ஒரு தடவை சொல்லிப் பார். அன்றைக்குப் பிறகு உன்னை டீ வாங்க அனுப்ப யோசிப்பார்கள். ஒன்றை மட்டும் மறக்காதே. அந்தச் சுருளைக் கையால் இழுக்காதே. பிளேடுக்கும் அதற்கும் வித்தியாசம் கிடையாது. கொக்கி இருக்கும், இல்லை என்றால் பிரஷ்.

அப்புறம் அந்த இரும்புத் துண்டு. ஆறு நாளாக ராவியும் நடுவில் மேடு, இரண்டு ஓரத்திலும் பள்ளம் என்றுதானே இருக்கிறது? மூலைமட்டத்தை அதன் மேல் வைத்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் இரண்டு பக்கமும் வெளிச்சக் கோடு தெரியும். எல்லோருக்கும் அப்படித்தான் வரும். எனக்கும் வந்தது. அரத்தை முன்னால் தள்ளும்போது அது தராசு மாதிரி ஆடும். தள்ள ஆரம்பிக்கும்போது முன்கையில் அழுத்தம் அதிகம், பின்கையில் கம்மி. நடுவில் வரும்போது இரண்டும் சமம். முடிக்கும்போது பின்கையில் அதிகம். இப்படி அழுத்தத்தை மாற்றிக்கொண்டே போனால்தான் அரம் மட்டமாக ஓடும். திரும்பி இழுக்கும்போது அழுத்தவே கூடாது. அரத்தின் பல் முன்னால் போகும்போது மட்டும்தான் வெட்டும். பின்னால் அழுத்தி இழுத்தால் பல்லுக்குத்தான் கேடு.

அரப் பல்லுக்குள் இரும்புத் துணுக்கு சிக்கிக்கொண்டு ஜாபில், அதாவது நீ வேலை செய்கிற துண்டில், கோடு கோடாகக் கீறுகிறதா? பல்லில் சாக்பீஸைத் தேய்த்துவிட்டு ராவு. ஒட்டாது. சாக்பீஸ் என்றதும் ஞாபகம் வருகிறது. ஓமலூரிலிருந்து சேலம் வருகிற வழியில் வெள்ளையாகத் தெரிகிற குன்றுகளுக்கு வெள்ளைக்காரர்கள் சாக் ஹில்ஸ் என்று பேர் வைத்தார்கள். அதில் இருப்பது சாக் இல்லை, மாக்னசைட். உலைக்குள்ளே பதிக்கிற செங்கல்லுக்குப் போகிற கல். பார்த்ததும் பேர் வைத்தால் இப்படித்தான் ஆகும். நீ உன் மேஸ்திரிக்கு என்ன பேர் வைத்திருக்கிறாயோ, அதையும் ஒரு பத்து நாள் தள்ளிப் போடு.

அந்தத் துண்டு நாலு பக்கமும் வெளிச்சம் தெரியாமல் வந்த அன்றைக்கு எனக்கு ஒரு கார்டு போடு.

கேள்வி: வயது 17. எங்கள் ஊரில் ஒரு பட்டறையில் லீவு வேலை பழகுகிறேன். நேற்றுப் பித்தளை ராடை 62 மில்லிமீட்டர் நீளத்துக்கு ஹேக்ஸாவில் அறுக்கச் சொன்னார்கள். ஸ்கேல் முனை தேய்ந்திருந்தது. அதனால் 1 சென்டிமீட்டர் கோட்டில் வைத்து அளந்தேன். பிறகு கழித்துப் பார்க்க மறந்துவிட்டேன். அறுத்த துண்டு 52தான் இருந்தது. யாரும் பார்க்கவில்லை. இரும்புக் கழிவு டின்னுக்குள் அடியில் போட்டு மூடிவிட்டேன். வேறு துண்டு சரியாக அறுத்துக் கொடுத்துவிட்டேன். ராத்திரி தூக்கம் வரவில்லை. நாளையிலிருந்து போகாமல் நின்றுவிடலாமா என்று இருக்கிறது.
பேர் வேண்டாம், ஆத்தூர்

பதில்: கண்ணு, நிற்காதே. நாளைக்குப் பத்து நிமிஷம் முன்னாடியே போ.

ஆனால் முதலில் என் கதையைக் கேள். 1983, பொங்கல் முடிந்த சமயம். எனக்கு 16 வயது. பத்தாவது முடித்துவிட்டு ஒரு பட்டறையில் பழகிக்கொண்டிருந்தேன். எந்தப் பட்டறை என்று கேட்காதே. மேஸ்திரி இப்போது இல்லை. ஒரு ஜவ்வரிசி மில்லில் கிழங்கு அரைக்கிற மெஷினின் ஷாஃப்ட் ஒன்று புதுசாகக் கடைய வந்திருந்தது. பேரிங் நம்பர் 6210. இந்த மாதிரிப் பேரிங் நம்பரில் கடைசி இரண்டு இலக்கம் 04 முதல் மேலே இருந்தால், அதை 5ஆல் பெருக்கினால் உள்விட்டம் மில்லிமீட்டரில் வந்துவிடும். பத்தைந்து ஐம்பது. அதாவது ஷாஃப்ட்டின் உட்காருமிடம் 50 மில்லிமீட்டருக்கு ஒரு மயிரிழை மேலே இருக்க வேண்டும். 50.01 இருந்தால் அழகு. பேரிங்கைக் குழாய் வைத்துத் தட்டித்தான் ஏற்ற வேண்டியிருக்கும். அப்போதுதான் அது ஷாஃப்ட்டைப் பிடித்துக்கொண்டு கூடவே சுற்றும்.

மேஸ்திரி கடைசி வெட்டை என்னிடம் விட்டுவிட்டு வெளியே போனார். அப்போதெல்லாம் அப்படி விடுவார்கள். இப்போது நான் யாரிடமும் விடுவதில்லை. வெட்டி முடித்த உடனே மைக்ரோமீட்டரை வைத்து அளந்தேன். 50.01. கச்சிதம். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஜாப் தொட்டால் சுடுகிற சூட்டில் இருந்தது. சூட்டைத் தணிக்கிற கூலண்ட் விடாமல் காய்ந்த வெட்டு வெட்டியிருந்தேன். ஷாஃப்ட்டைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்துவிட்டு, பேரிங்கை எடுத்து வைத்துப் பார்த்தேன். அதற்குள் ஷாஃப்ட் ஆறியிருந்தது. குழாயும் வேண்டாம், சுத்தியலும் வேண்டாம், பேரிங் கையாலேயே வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டது.

திரும்ப அளந்தேன். 49.99.

இரும்பு சூட்டில் பெருக்கும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருந்தேன். தண்டவாளத்தில் இடைவெளி விடுவார்கள் என்று படம் கூட வரைந்து மார்க் வாங்கியிருந்தேன். அது என் கையில் இருக்கிற ஷாஃப்ட்டுக்கும் உண்டு என்று தோன்றவே இல்லை. ஒரு மீட்டர் இரும்பு ஒரு டிகிரி சூட்டுக்குச் சுமார் 0.0115 மில்லிமீட்டர் நீளும். 50 மில்லிமீட்டர் ஷாஃப்ட், நாற்பது டிகிரி கூடுதல் சூடு என்றால் 0.023. நான் தொலைத்த அளவு அதுதான்.

இதுவரைக்கும் நடந்தது தப்பு. யாருக்கும் வரும். அடுத்து நான் செய்ததுதான் நாற்பது வருஷமாக உறுத்துகிறது. சென்டர் பஞ்ச் என்கிற கூர்முனைக் கருவியை எடுத்துப் பேரிங் உட்காருமிடத்தைச் சுற்றிலும் புள்ளி புள்ளியாக அடித்தேன். ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் இரும்பு கொஞ்சம் பிதுங்கி மேலே எழும்பும். அந்தப் பிதுக்கத்தின் மேல் பேரிங்கைத் தட்டினால் 'டக் டக்' என்று இறுக்கமாகவே ஏறும். பார்க்கிறவருக்கு வித்தியாசம் தெரியாது. மேஸ்திரி வந்தார், 'ஏறிடுச்சா?' என்றார். 'ஏறிடுச்சு மேஸ்திரி' என்றேன். அன்றைக்குச் சாயங்காலமே ஷாஃப்ட் மில்லுக்குப் போய்விட்டது.

பத்து நாள் ஓடியது. பதினோராம் நாள் ராத்திரி மில்லில் இருந்து ஆள் வந்துவிட்டார். பஞ்ச் புள்ளி எல்லாம் நசுங்கி, பேரிங்கின் உள் வளையம் ஷாஃப்ட்டின் மேலேயே சுற்ற ஆரம்பித்து, அந்த இடம் முழுக்கத் தேய்ந்து சூடேறி நீலமாகிவிட்டிருந்தது. நல்ல சீசன். பிடுங்கின மரவள்ளிக் கிழங்கு காத்திருக்காது, இரண்டு மூன்று நாளில் உள்ளே கறுப்பு ஓடிவிடும். மில் வாசலில் இரண்டு லாரி நின்றது.

மேஸ்திரி பேரிங்கை உருவினார். தேயாமல் மிச்சமிருந்த ஓரத்தில் என் புள்ளிகள் நாலைந்து அப்படியே இருந்தன. நகத்தால் தடவிப் பார்த்தார்.

'இது யார் போட்ட கோலம்?' என்றார்.

நான்தான் என்றேன். கைநீட்டுவார் என்று நினைத்தேன். நீட்டவில்லை. ஷாஃப்ட்டில் தேய்ந்த இடத்தை வெல்டிங்கால் ஏற்றி, திரும்ப லேத்தில் மாட்டினார். விடிய விடிய வேலை. கடைசி வெட்டு முடிந்தபோது மணி நாலு இருக்கும். மில்காரர் வாசலில் அவசரப்படுகிறார். மேஸ்திரி மைக்ரோமீட்டரைத் தொடவே இல்லை. என்னிடம் காசு கொடுத்து, 'போய் டீ வாங்கிட்டு வா. மூணு பேருக்கும்' என்றார். ஐந்து ரோட்டில் அந்த நேரத்துக்கு ஒரே ஒரு கடைதான் திறந்திருக்கும். போய் வாங்கி வந்தேன், குடித்தோம், பேசாமல் உட்கார்ந்திருந்தோம். அப்புறம் ஷாஃப்ட்டைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தார். 'இப்ப அள' என்றார். 50.01. குழாய் வைத்துத் தட்டித்தான் ஏறியது.

பஞ்ச் அடித்ததைப் பற்றி அதற்குப் பிறகும் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் ஆறு மாதம் வரை கடைசி வெட்டு என் கைக்கு வரவில்லை. 49.99 என்று அன்றைக்கே சொல்லியிருந்தால் ஒரு மணி நேர வேலை, ஒரு வெல்டிங் ராட், இரண்டு வசவு. அவ்வளவோடு போயிருக்கும்.

உன் விஷயத்துக்கு வருகிறேன். உன் 52 மில்லிமீட்டர் துண்டு கெட்ட துண்டே இல்லை. 50 நீளத்துக்கு ஒரு புஷ் (நடுவில் ஓட்டையுள்ள உருளை) கேட்டு வந்தால் அதிலேயே ஆகிவிடும். நீ செய்த பெரிய தப்பு குட்டையாக அறுத்தது இல்லை, பித்தளையை இரும்புக் கழிவில் போட்டது. பித்தளைக் கழிவின் விலை வேறு, இரும்புக் கழிவின் விலை வேறு. எடைக்காரர் வந்து டின்னைத் தூக்கிக்கொண்டு போய்விட்டால் உங்கள் ஓனருக்கு அதுதான் நஷ்டம். அதனால்தான் பத்து நிமிஷம் முன்னாடி போகச் சொன்னேன். டின்னைக் கவிழ். துண்டை எடு. துடைத்து ஓனர் மேஜை மேல் வை. அவர் வந்ததும், 'அண்ணே, ஸ்கேல் முனை தேஞ்சிருந்தது. ஒண்ணிலிருந்து அளந்தேன், கழிக்க மறந்துட்டேன்' என்று சொல். காரணத்தையும் சேர்த்துச் சொல். 'தெரியாம நடந்துடுச்சு' என்று சொன்னால் அவருக்கு அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. ஸ்கேல் தேய்ந்திருக்கிறது என்று சொன்னால் புது ஸ்கேல் வாங்குவார்.

திட்டுவார். பித்தளை விற்கிற விலைக்கு நானாக இருந்தாலும் திட்டுவேன்.

என் பட்டறையில் ஜன்னல் திண்டு முழுக்கக் கெட்டுப்போன ஜாபுகள்தான் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றிலும் என்ன ஆனது என்று சாக்பீஸில் எழுதியிருக்கும். போன மே மாதம் பழக வந்த பையன் ஒருவன், மூன்றாம் நாள், தான் மார்க்கிங் தப்பிய ஒரு ஃபிளாஞ்சைக் கொண்டு வந்து அவனாகவே அங்கே வைத்தான். அதில், 'ஓட்டை நாலு, நான் போட்டது அஞ்சு' என்று எழுதியிருந்தான். வருகிறவர்கள் எல்லாம் அதைப் படித்துவிட்டுச் சிரிக்கிறார்கள். அவனும் சிரித்தான். இந்த வருஷமும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான். வரட்டும்.

கேள்வி: சி.என்.சி. மெஷின் வந்துவிட்டது. இனி லேத் பழகி என்ன பிரயோஜனம்?
வாசகர், சூரமங்கலம்

பதில்: சி.என்.சி.யும் லேத்துதான் ஐயா. கையால் திருப்புகிற வேலையை கம்ப்யூட்டர் புரோகிராம் செய்கிறது. எந்த வேகம், எவ்வளவு ஆழம், எந்த டூல் என்று அதற்கு ஒருவர் சொல்ல வேண்டும். சூட்டில் அளக்காதே என்றும்கூட. ஒரே சாமானை ஆயிரம் எண்ணிக்கை செய்ய அது. ஏற்காட்டு எஸ்டேட்டிலிருந்து ஒரே ஒரு பழைய காப்பி பல்ப்பர் (பழத்தோல் உரிக்கிற மெஷின்) ஷாஃப்ட்டைச் சாக்கில் சுற்றி, இருபது கொண்டை ஊசி வளைவும் இறக்கிக் கொண்டு வந்து, 'இதே மாதிரி ஒண்ணு, நாளைக்கே' என்று நிற்கிறவருக்கு இன்றைக்கும் கை லேத்துதான்.

கேள்வி: ஏற்காடு மலையில் அரசுப் பள்ளியில் பத்தாவது முடித்திருக்கிறேன். என் அப்பா எஸ்டேட்டில் மெஷின் பார்க்கிறவர். கூடவே போய்ப் போய் எனக்கு டர்னர் வேலையில் ஆசை. ஐ.டி.ஐ. சேரலாமா, டிப்ளமோவா? பொண்ணு என்பதால் யோசிக்கச் சொல்கிறார்கள்.
மாணவி, ஏற்காடு

பதில்: பாப்பா, யோசிப்பவர்கள் யோசிக்கட்டும், நீ விண்ணப்பத்தைப் போடு. மலை இறங்கினதும் ஏற்காடு ரோட்டிலேயே கோரிமேட்டில் அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது. டர்னர், ஃபிட்டர் இரண்டும் இரண்டு வருஷப் படிப்பு, பத்தாவது பாஸ் போதும். கையால் வேலை செய்து பார்க்க ஆசை என்றால் ஐ.டி.ஐ. முதலில். இரண்டு வருஷம் முடித்துவிட்டு டிப்ளமோவில் நேராக இரண்டாம் வருஷம் சேரலாம். நேராக டிப்ளமோ போனவர்களுக்கு வரைபடமும் கணக்கும் நன்றாக வரும், அரம் பிடிக்கச் சொன்னால் முழிப்பார்கள். இது என் அனுபவம், டிப்ளமோக்காரர்கள் கோபிக்க வேண்டாம்.

ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மேலே படிக்க மாதம் 1,000 ரூபாய் தருகிற புதுமைப் பெண் திட்டம் 2022இல் வந்தது. பத்தாவதோடு ஐ.டி.ஐ. போகிறவர்களையும் அதில் சேர்க்கிறார்கள். சேரும்போதே ஐ.டி.ஐ. ஆபீஸில் கேட்டுவிடு. முடித்த பிறகு அப்ரென்டிஸ் என்று ஒரு வருஷம் போகலாம். 1961 முதல் இதற்குத் தனிச் சட்டமே இருக்கிறது, உதவித்தொகையோடுதான் பழக்குவார்கள். நம்மூரில் ரயில்வேயின் சேலம் கோட்டத்திலும் ஆள் எடுப்பார்கள். விளம்பரத்தைப் பார்த்துக்கொண்டே இரு.

பொண்ணு என்பதால் மாற்ற வேண்டியது இரண்டே விஷயம். பட்டறைக்குள் துப்பட்டா வேண்டாம். ஜடை கொண்டையாகித் தொப்பிக்குள் போகணும். கழிப்பறை வசதி இருக்கிறதா என்று சேரும் முன்பே போய்ப் பார்த்துவிடு. இதைக் கேட்க வெட்கப்படாதே, வெட்கப்பட வேண்டியவர்கள் அது இல்லாத பட்டறைக்காரர்கள். நான் உட்பட. எங்கள் பட்டறையில் போன வருஷம்தான் கட்டினேன்.

மற்றபடி மைக்ரோமீட்டரின் பின்முனையில் இருக்கிற ராட்செட் திருகை மூன்று 'கிளிக்' வரை மட்டும் திருப்புகிற பொறுமை இருந்தால் போதும். பலம் காட்டி இறுக்கி அளந்து ஜாபைக் கெடுத்தவர்கள் என் பட்டறையில் எல்லாம் ஆம்பிளைகள்தான்.

கேள்வி: பையன் பட்டறைக்குப் போக ஆரம்பித்திருக்கிறான். ஆசையாக ஏதாவது கருவி வாங்கித் தரலாம் என்று பார்க்கிறேன். டிஜிட்டல் வெர்னியர் வாங்கலாமா?
தாத்தா, சேலம் குகை

பதில்: வேண்டாம் தாத்தா. பேட்டரி தீர்ந்த அன்றைக்கு அவனுக்கு அளக்கவே தெரியாமல் போய்விடும். ஆறு அங்குல ஸ்டீல் ஸ்கேல் ஒன்று வாங்கிக் கொடுங்கள். ஒரு பக்கம் மில்லிமீட்டரும் மறுபக்கம் அங்குலமும் இருக்கணும். அங்குலப் பக்கம் எதற்கு என்றால், பட்டறையில் இன்னும் பாதிப் பேர் நூல் கணக்கில்தான் பேசுவார்கள். ஒரு அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு ஒரு நூல். 'மூணு நூல் போல்ட்டு எடுத்தா' என்றால் பையன் முழிக்கக் கூடாது.

கடையில் வாங்கும்போது ஸ்கேலின் முனையை நகத்தால் தடவிப் பாருங்கள். கோணலாகவோ மழுங்கியோ இருந்தால் வேறு கேளுங்கள். ஏன் என்று அந்த ஆத்தூர்ப் பையனுக்குத் தெரியும்.